வானூர்தியும் தரையில் நிற்பவனும்

காப்பீடு என்னும் சொல் நம் கரிசல் நாட்டுக்குப் பயிரோடு சேர்ந்து வந்த சொல்லாகும். மல்லாங்கிணற்றிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பங்களில், விதைப்பு முடிந்த கையோடு, ‘இன்சூரன்ஸ் கட்டியாயிற்றா?’ என்று ஒருவரையொருவர் வினவிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. 2016ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்படி, காரீப் பருவத்து உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் காப்புத் தொகையில் நூற்றுக்கு 2 ரூபாயும், ரபிப் பருவத்தில் ஒன்றரை ரூபாயும், பருத்தி, மிளகாய் போன்றவற்றுக்கு 5 ரூபாய் வரையிலும் உழவர் தம் பங்காகச் செலுத்துகின்றனர். எஞ்சிய பிரிமியத்தை அரசுகள் ஏற்கின்றன.

இத்திட்டத்தில் ஒரு விதி உண்டு. பரவலான வறட்சியால் விளைச்சல் கெட்டால், தனியொருவருடைய நிலத்தின் நட்டம் அளக்கப்படுவதில்லை. வருவாய்க் கிராமம் அல்லது குறுவட்டம் ஓர் அலகாகக் கொள்ளப்படுகிறது. அவ்வலகில் தேர்ந்தெடுத்த சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை நடத்தி, சராசரி விளைச்சலைக் கண்டு, அதனைக் கொண்டே இழப்பீடு கணக்கிடப்படுகிறது. தம் நிலம் முற்றாகக் கருகியிருப்பினும், அலகின் சராசரி தேறிவிட்டால் அவ்வுழவர் கையில் ஒன்றும் கிட்டாது. இவ்விதியின் கசப்பை அறியாத சம்சாரி நம் பக்கத்தில் இலர்.

இவ்வாறு காப்பீட்டை மண்ணின் வழியே அறிந்துவைத்துள்ள நம் மக்களுக்கு, வானூர்திக் காப்பீட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். சொந்த விமானம் வைத்திருப்போர் நம் வட்டாரத்தில் எவருமில்லை. வடக்கே மதுரை விமான நிலையத்திற்கு வந்து போகும் ஊர்திகளை இரவில் விளக்குப் புள்ளிகளாகக் காண்பதோடு நம் தொடர்பு முடிந்துவிடுகிறது என்றே நாமும் கருதியிருப்போம். ஆயினும், மிளகாய் பயிரிடும் பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இதனை நம் வீட்டு விஷயமாக்கிவிட்டது. அவருடைய மகன் வளைகுடா நாடொன்றில், செல்வர்களின் சொந்த விமானங்கள் நிறுத்தப்படும் கொட்டகையில், அவற்றைக் கழுவித் துடைக்கும் பணியில் இருக்கிறான். தொலைபேசியில் பேசும்போது, தான் துடைக்கும் விமானம் பல நூறு கோடிக்கு இன்சூரன்ஸ் செய்யப்பட்டது என்று பெருமையோடு சொன்னானாம். அதைக் கேட்ட தந்தை நம்மிடம் வந்து, “விமானத்துக்கு இன்சூரன்ஸ் உண்டாம் ஹஜரத், அதைத் துடைக்கிறவனுக்கு உண்டா?” என்றார்.

கிதாபு ஓதிக்கொடுப்பது நம் தொழில். விமானம் நம் துறையன்று. எனினும் கேட்டவர் கேட்டது ஒரு மஸ்அலாவுக்கு நிகரான கேள்வி. ஆகவே தெரிந்தவர்களை வினவியும், நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றை இங்கே வகைப்படுத்தித் தருகிறோம்.

தனியார் விமானத்திற்கோ, ஒரு நிறுவனம் தன் அதிகாரிகளின் பயணத்திற்கென வைத்திருக்கும் விமானத்திற்கோ எழுதப்படும் பாலிசி பெரும்பாலும் லண்டன் சந்தையில் உருவான மாதிரிப் படிவத்தைத் தழுவியே அமைகிறது. அது மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதி விமானத்தின் உடலைப் பற்றியது. இரண்டாவது, விமானத்தால் வெளியாருக்கு, அதாவது மூன்றாமவருக்கு, விளையும் உயிர்ச்சேதத்தையும் பொருட்சேதத்தையும் பற்றியது. மூன்றாவது, விமானத்தினுள் அமர்ந்து செல்வோருக்கு நேரும் தீங்கைப் பற்றியது.

முதற்பகுதியில் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ என்றொரு முறை உண்டு. விமானம் முற்றாக அழிந்தால் எவ்வளவு தருவது என்பதை, பாலிசி எழுதும் நாளிலேயே இருதரப்பாரும் பேசித் தொகையாகக் குறித்துவிடுகின்றனர். பின்னர் விபத்து நேர்ந்தால், சந்தையில் அவ்விமானம் என்ன விலை போகும் என்ற வாதம் எழுவதில்லை. விமானம் அழிந்ததா என்பதே கேள்வி. தொகை முன்னமே முடிவானது. தொகையைக் கொடுத்தபின், சிதைந்த உடலைக் காப்பீட்டு நிறுவனம் தனதாக்கிக்கொண்டு விற்கலாம். குறுவட்டத்தின் சராசரிக்காகக் காத்திருக்கும் நம் உழவரையும், எழுதிய தொகையை எண்ணிப் பெறும் விமான உடைமையாளரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், உலகில் எதன் இழப்பு எவ்வளவு துல்லியமாக அளக்கப்படுகிறது என்பது விளங்கும்.

ஆனால் அந்த உறுதி நிபந்தனையற்றதன்று. பாலிசியில் குறித்த தகுதியும் பறந்த மணிக்கணக்கும் உடைய விமானியே ஓட்ட வேண்டும். குறித்த நாட்டெல்லைக்குள் பறக்க வேண்டும். சொந்தப் பயன்பாடு என்று எழுதிவிட்டுக் கட்டணம் வாங்கி ஆளேற்றினால் பாதுகாப்பு அற்றுப்போகும். தேய்மானமும், நாட்பட்ட துருவும், இயந்திரம் தானே பழுதாவதும் உடைமையாளரின் பாடு. போரும் கடத்தலும் தனிப் பாலிசிக்குரியவை. இவையனைத்திற்கும் அடியில் ‘முழுமையான நன்னம்பிக்கை’ என்ற கோட்பாடு கிடக்கிறது. காப்பீடு கேட்பவர், தாம் அறிந்த குறைகளை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஒப்பந்தமே செல்லாததாகலாம். விற்கும் பொருளின் குறையை மறைத்தல் ஆகாது என்று நம் ஃபிக்ஹு நூல்கள் வியாபாரப் பாடத்தில் சொல்வதும் இதற்கு நெருங்கிய ஒழுங்கேயாகும்.

இவ்வேற்பாட்டின் மூலம் கடலில் இருக்கிறது. யமன் நாட்டிலிருந்து உலகெங்கும் பரவிய காப்பி, 17ஆம் நூற்றாண்டில் லண்டன் மாநகரில் கடைகடையாகக் கொதித்தது. எட்வர்ட் லாய்டு என்பவர் நடத்திய காப்பிக்கடை 1688ஆம் ஆண்டளவில் கப்பல் உரிமையாளர்களும் வணிகர்களும் கூடும் இடமாயிருந்தது. ஒரு கப்பலின் ஆபத்தைப் பலர் தத்தம் பங்கெழுதிக் கையொப்பமிட்டு ஏற்றனர். அக்கடையின் பெயரால் வளர்ந்த லாய்ட்ஸ் சந்தையில் 1911ஆம் ஆண்டு முதல் விமானப் பாலிசி எழுதப்பட்டது. நம் நாட்டில், டொராப்ஜி டாடா 1919இல் நிறுவிய நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் கம்பெனி, 1946ஆம் ஆண்டில் விமானக் காப்பீட்டுக்கென்று தனித்துறை தொடங்கியது.

விமானம் ஒன்றின் விலையும், அது விழுந்தால் எழக்கூடிய பொறுப்பும் மிகப் பெரியவை. ஆதலின் பாலிசி எழுதும் நிறுவனம் அச்சுமையைத் தானே வைத்துக்கொள்வதில்லை. அதன் பெரும்பகுதியை ஜி.ஐ.சி. ரீ போன்ற மறுகாப்பீட்டு நிறுவனங்களுக்கும், அவற்றின் வழியே உலகச் சந்தைகளுக்கும் பங்கிட்டு அளித்துவிடுகிறது. இந்தியாவில் ஒரு விமானம் உடைந்தால் அதன் சுமையில் சிறுபங்கை லண்டனில் ஒருவரும் வேறொரு நாட்டில் இன்னொருவரும் சுமக்கின்றனர். இப்பங்கீடு சில நேரம் சட்டென்று கைவிட்டுவிடுவதும் உண்டு. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதல்களுக்குப் பின், ஏழே நாள் அவகாசம் கொடுத்து, போர் ஆபத்தால் மூன்றாமவருக்கு நேரும் இழப்புக்கான பாதுகாப்பை 5 கோடி டாலர் வரம்புக்குள் உலகக் காப்பீட்டாளர் சுருக்கினர். விமானங்கள் தரையிறங்கி நின்றுவிடாதிருக்கப் பல நாட்டு அரசுகள் தாமே பொறுப்பேற்க நேர்ந்தது. அன்று முதலில் சுருங்கியது விமான உடலுக்கான காப்பன்று. தரையில் நிற்கும் மூன்றாமவருக்கான காப்பே என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

சொந்த ஊர்தி வீழ்வது எத்தகையது என்பதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே சான்று உண்டு. 2021 ஏப்ரல் 11ஆம் நாள், லூலூ குழுமத்தின் தலைவர் எம்.ஏ. யூசுஃப் அலி அவர்கள் தம் துணைவியாருடன் சென்ற ஹெலிகாப்டர், கொட்டும் மழையில் கொச்சிக்கு அருகே பனங்காட்டுச் சதுப்பு நிலத்தில் அவசரமாக இறங்கியது. அல்லாஹ்வின் அருளால் உள்ளிருந்தோர் அனைவரும் உயிர் தப்பினர். சேறு மெத்தையாக அமைந்தது. சுற்றிலும் வீடுகளும் நெடுஞ்சாலையும் உள்ள பகுதி அது. சற்று விலகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் அன்று பலருக்கும் எழுந்தது.

அவ்வாறு விலகி விழுந்த நிகழ்ச்சிகளும் உண்டு. 2011 மே 25ஆம் நாள், பாட்னாவிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றி டில்லிக்கு வந்த சிறு விமானம் ஃபரிதாபாத் நகரின் குடியிருப்பில் வீழ்ந்தது. விமானத்தில் இருந்த எழுவரோடு, வீட்டிலிருந்த மூவரும் மாண்டனர். 2018 ஜூன் 28ஆம் நாள், தனியார் நிறுவனமொன்றின் சிறு விமானம், பழுது நீக்கிய பின் நடத்திய சோதனைப் பறப்பில், மும்பை கட்கோபர் பகுதியில் விழுந்தது. உள்ளே நால்வர், தரையில் ஒருவர், ஆக ஐவர் மாண்டனர். பெரிய பயணிகள் விமானத்திலும் இதே கதைதான். 2025 ஜூன் 12ஆம் நாள் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் மருத்துவக் கல்லூரி விடுதியின் மீது வீழ்ந்தபோது, விமானத்தில் இருந்த 241 பேருடன் தரையில் இருந்த 19 பேரும் உயிரிழந்தனர். அவர்கள் பயணச்சீட்டு வாங்கவில்லை. எந்தப் பாலிசியிலும் கையொப்பமிடவில்லை. தம் வீட்டிலும் தெருவிலும் விடுதியிலும் இருந்தனர், அவ்வளவே.

பயணச்சீட்டு வாங்கியவருக்கு உலகம் ஓர் ஒழுங்கு செய்து வைத்திருக்கிறது. 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்தது. நாடுகளுக்கிடையே செல்லும் பயணி விபத்தில் இறந்தால், ஒரு வரம்பு வரை, ‘எங்கள் மீது குற்றமில்லை’ என்று சொல்லி விமான நிறுவனம் தப்ப இயலாது. அவ்வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880 அலகுகள் ஆகும். சர்வதேச நாணய நிதியம் வகுத்த அவ்வலகு ஒன்று ஒரு டாலருக்குச் சற்று மேற்பட்டது. அத்தொகை தானாகக் கைக்கு வந்துவிடாது. குடும்பத்தார் தம் இழப்பை எடுத்துக்காட்டியே பெற வேண்டும். ஆயினும் ஒரு பிடிமானம் இருக்கிறது. செல்வர் ஒருவர் தம் சொந்த விமானத்தில் விருந்தினராக ஏற்றிச் செல்பவருக்கோ, விமானம் வந்து விழும் வீட்டில் இருப்பவருக்கோ அப்பிடிமானம் இல்லை. அயல்நாட்டு விமானங்கள் தரையில் உள்ளோருக்கு விளைக்கும் தீங்கைப் பற்றி 1952இல் ரோம் நகரில் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. உலகின் பெரும்பாலான நாடுகள் அதில் சேரவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் தெளிவான வழி கண்டது. 2004ஆம் ஆண்டு அது இயற்றி, 2005 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை, விமானத்தின் எடைக்கேற்ப மூன்றாமவர் காப்பீட்டின் கீழ்வரம்பை விதித்தது. சொந்த விமானமாயினும் வாடகை விமானமாயினும் விலக்கில்லை. 500 கிலோவுக்குக் குறைந்த சிறு ஊர்திக்கு ஏழரை லட்சம் அலகு. மிகப் பெரிய விமானத்திற்கு 70 கோடி அலகு. கட்கோபரில் வீழ்ந்த வகையிலான சிறு விமானத்திற்கு அவ்வட்டவணைப்படி 70 லட்சம் அலகு. நம் நாட்டில், வாடகைக்குப் பறக்கும் நிறுவனங்கள் அனுமதி பெற, மூன்றாமவர் பொறுப்பு உட்படப் போதுமான காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி கூறுகிறது. ‘போதுமான’ என்ற சொல் நல்ல சொல்தான். ஆனால் எடைக்கு இத்தனை என்று எண்ணால் எழுதிய சொல், இறந்தவரின் மனைவிக்கு இன்னும் பயன்படும். அருப்புக்கோட்டைச் சாலையில் ஓடும் ஒரு மொபெட்டுக்குக்கூட மூன்றாமவர் காப்பீடு சட்டப்படி கட்டாயம் என்பதை நாம் அறிவோம்.

இவ்விடத்தில் நம் முன்னோர் நூல்களை எண்ணாதிருக்க இயலவில்லை. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் மீது தியத்து என்னும் உயிரீடு கடமையாகிறது என்பது ஷரீஅத்தின் சட்டம். அதனைச் செலுத்துவது அவர் ஒருவர் மட்டுமன்று. ‘ஆகிலா’ எனப்படும் அவருடைய கூட்டத்தார் மூன்றாண்டுகளில் பங்கிட்டுச் செலுத்துவர். தொடக்கத்தில் அக்கூட்டம் இரத்த உறவாயிருந்தது. உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் படைவீரரின் பெயர்ப்பதிவேட்டை ஏற்படுத்தியபின், ஒரே பதிவேட்டில் பெயருள்ளோரை ஒருவருக்கொருவர் ஆகிலாவாக்கினார்கள். ஹனஃபி இமாம்கள் இதனையே சட்டமாகக் கொண்டனர். சேர்ந்து தொழில் செய்வோர் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்து இதனுள் அடங்கியிருக்கிறது. இதன் நோக்கம், கொன்றவரைக் காப்பதைவிட, இறந்தவரின் குடும்பம் வெறுங்கையோடு திரும்பாதிருக்கச் செய்வதேயாகும்.

‘அவ்வாறாயின் இன்சூரன்ஸ் முழுவதும் ஆகுமானதா?’ என்று அவசரப்பட வேண்டாம். நம் மதரஸாக்களில் ‘ஷாமி’ என்று வழங்கும் பெருநூலை இயற்றிய திமிஷ்க் நகரத்து இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் 1836இல் மறைந்தவர்கள். கடல்வணிகர் கப்பல் வாடகையோடு, அந்நிய நாட்டவர் ஒருவருக்கு ‘ஸவ்கரா’ என்ற பெயரில் தொகை கொடுத்து, சரக்கு நெருப்பிலோ நீரிலோ கொள்ளையிலோ அழிந்தால் அவரிடம் ஈடு பெறும் வழக்கத்தை அப்பெரியார் ஆராய்ந்து, அந்த ஈட்டைப் பெறுவது ஆகாது என்று தீர்ப்பெழுதினார்கள். கடமையில்லாத ஒன்றைக் கடமையாக்கிக்கொள்ளும் ஒப்பந்தம் என்பது அவர்கள் காட்டிய காரணம். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு பேரவையும், நிலையான பிரிமியம் வாங்கும் வணிகக் காப்பீட்டை விலக்கி, ஒருவருக்கொருவர் நன்கொடை எண்ணத்தோடு சேர்ந்து நடத்தும் கூட்டுறவுக் காப்பீட்டை அனுமதித்தது. ஸூடானில் 1979 முதலும், மலேசியாவில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் அவ்வகை நிறுவனங்கள் தோன்றின. ஒப்பந்தத்தின் வடிவத்தில் உலமாக்களுக்குப் பேச்சு உண்டு. தீங்கு செய்தவர் ஈடு தர வேண்டும் என்பதில் எவருக்கும் பேச்சில்லை.

இனி, பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். விமானத்தைத் துடைப்பவனுக்கு அந்த விமானப் பாலிசியில் இடமுண்டா? மாதிரிப் படிவத்தின் இரண்டாம் பகுதி, காப்பீடு பெற்றவரின் சொந்த ஊழியர் பணியில் இருக்கையில் அடையும் காயத்தைத் தெளிவாக விலக்கிவிடுகிறது. மகன் விமான உடைமையாளரிடமே சம்பளம் பெறுபவனாயின், பல நூறு கோடிப் பாலிசி அவனைப் பற்றி வாய் திறவாது. அவன் வேறொரு ஒப்பந்த நிறுவனத்தின் ஆளாயிருந்து, விமானத்தால் காயமுற்றால், அப்போது அவன் மூன்றாமவனாகக் கருதப்படலாம். ஆகவே சம்பளச் சீட்டில் எவர் பெயர் இருக்கிறது என்பதே முதற்கேள்வி. கொட்டகையின் வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகையை நம்பிப் பயனில்லை.

அவனுக்குரிய பாதுகாப்பு வேறிடத்தில் உள்ளது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பணியின்போது நேர்ந்த விபத்தால் இறப்பவரின் குடும்பத்திற்கு 24 மாத அடிப்படை ஊதியத்தை, 18,000 திர்ஹத்துக்குக் குறையாமலும் 2,00,000 திர்ஹத்துக்கு மேற்படாமலும், முதலாளி தர வேண்டும் என்கிறது. ‘அடிப்படை ஊதியம்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அடிப்படை ஊதியத்தைக் குறைத்து, மற்றவற்றைப் படியாக எழுதியிருந்தால், ஈடும் குறைந்துவிடும். மேலும், குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டோடு வேலைக்குச் செல்வோருக்கு நம் அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயமானது. இரண்டாண்டுக்கு 275 ரூபாயும் மூன்றாண்டுக்கு 375 ரூபாயும் பிரிமியம். விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அவ்வனுமதி வேண்டியதில்லை. ஆகவே இக்கட்டாயமும் அவருக்கில்லை. படித்த பிள்ளை என்று மகிழும் பெற்றோர் இதனை அறிந்திருப்பதில்லை.

பெரியவரிடம் நாம் சொன்னது இதுதான்: மகனுடைய வேலை ஒப்பந்தத்தின் நகலை வரவழையுங்கள், முதலாளி யார், அடிப்படை ஊதியம் எவ்வளவு, நாமினியாக யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்ற மூன்றையும் பாருங்கள், காப்பீட்டுச் சீட்டு இருந்தால் அதன் ஒரு நகல் ஊரில், தாயிடம் இருக்கட்டும். இதனைச் செய்வது தவக்குலுக்கு மாறானதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நம் பிள்ளைகள் ஓதும் வயதிலேயே கேட்டிருக்கின்றனர்.

உடன்படிக்கைகளையும் படிவங்களையும் பார்த்தபின் நம் உள்ளத்தில் ஒன்று உறுதிப்படுகிறது. ஒரு விமானத்தின் உலோக உடலுக்கு விலை குறித்து, அந்த விலையைக் கண்டங்களெங்கும் பங்கிட்டுச் சுமக்கக் கற்றுக்கொண்ட மனித அறிவுக்கு, அதன் நிழல் விழும் தரையில் நிற்பவனுக்கும் ஒரு தொகையை முன்னதாகவே எழுதிவைப்பது இயலாத காரியமன்று. ஐரோப்பாவில் எழுதியிருக்கின்றனர். நம் நாட்டிலும் எண்ணால் எழுதப்பட வேண்டும். சட்டம் இயற்றுவோர் அதனைச் செய்யட்டும். கொட்டகையில் வேலைசெய்யும் பிள்ளையின் ஒப்பந்தத் தாளைப் படித்துப் பார்ப்பது மட்டும் எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதன்று. இன்றிரவு அவன் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டபின், அதனையும் கேளுங்கள்.